ஒரே தலைப்பு, மூன்று துறைகள்: முனைவர் ஆய்வுக்கு யாரிடம் சேர்வது?

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடுபவர் முதலில் பார்ப்பது பேராசிரியர்களின் பட்டியலைத்தான். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் ‘ஆய்வு ஆர்வங்கள்’ என்று இரண்டு மூன்று வரிகள் இருக்கும். இயற்பியல் துறையில் ஒருவர் ‘குவாண்டம் தகவல்’ என்று எழுதியிருப்பார். கணிதத் துறையிலும் ஒருவர் அதையே எழுதியிருப்பார். கணினி அறிவியல் துறையில் கேட்கவே வேண்டாம். மாணவருக்கோ குவாண்டம் தகவல்தான் வேண்டும். மூவரில் யாருக்குக் கடிதம் எழுதுவது என்பதில் குழம்பிப்போகிறார். கடைசியில் பெரும்பாலோர் முதுகலை படித்த துறைக்கே எழுதிவிடுகிறார்கள், அல்லது யாருடைய பெயர் அதிகம் அடிபடுகிறதோ அவருக்கு.

இரண்டும் சரியான அளவுகோல்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் எதைப் பற்றி ஆராய்கிறார் என்பதை அந்த வரிகள் சொல்லும். எது கைக்கு வந்தால் ‘வேலை முடிந்தது’ என்று அவர் எழுந்துகொள்வார் என்பதைச் சொல்லாது. சோதனை இயற்பியலாளருக்கு இயற்கை தலையாட்ட வேண்டும். கணிதவியலாளருக்கு நிரூபணத்தில் ஓட்டை இருக்கக் கூடாது. கணினி அறிவியலாளர்களில் ஒரு சாராருக்கு நிரல் ஓட வேண்டும், முன்பிருந்த நிரலைவிட நன்றாக ஓட வேண்டும். இன்னொரு சாராருக்கு, இதைவிட வேகமாக எவராலும் செய்ய முடியாது என்று நிறுவ வேண்டும். நான்கைந்து ஆண்டுகள் நாள்தோறும் செய்யப்போவது இந்த வேலையைத்தான். தலைப்பு என்பது அந்த வேலையின் மேலுறை மட்டுமே.

குவாண்டம் தகவலையே எடுத்துக்கொள்வோம். சோதனை இயற்பியலாளர் ஒருவரிடம் சேர்கிறீர்கள். அவர் மீக்கடத்திச் சுற்றுகளால் குயூபிட்டுகளை, அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகளை, உருவாக்குபவர். அந்தச் சுற்றை ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையால் இயங்கும் குளிர்விப்பானுக்குள் வைத்து, தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்கு என்ற அளவுக்குக் குளிர்விக்க வேண்டும். அதன்பின் அளவிடும்போது ஒரு கம்பியிலிருந்து சமிக்ஞை வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியைச் சூடேற்றி, திறந்து, பழுதைத் தேடிப் பிடித்து, மூடி, வெற்றிடமாக்கி, கசிவு இருக்கிறதா என்று சோதித்து, மறுபடியும் குளிர்விக்க வேண்டும். ஒரு தளர்ந்த இணைப்புக்காக ஒரு வாரம் போய்விடும். குயூபிட் தன் நிலையைத் தக்கவைத்துக்கொள்ளும் நேரமோ மைக்ரோவினாடிக் கணக்கு. நாள் கணக்கில் தயாராகி, கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும் ஒன்றை ஆயிரக்கணக்கான முறை அளந்து சராசரி எடுக்கும் வேலை இது. கையால் செய்வதில் மகிழ்ச்சி காண்பவர்களுக்கு இதைப் போன்ற வாழ்க்கை வேறில்லை. சமன்பாட்டின் அழகில் மயங்கி வந்தவர்கள் முதல் ஆண்டிலேயே வாடிவிடுவார்கள்.

கணிதத் துறையில் அதே சொற்களை எழுதியிருப்பவர் பெரும்பாலும் செயலி இயற்கணிதத்தில் இருப்பார். இங்கே செயலி என்பது கணினிச் சில்லு அல்ல, ஒரு திசையனை இன்னொன்றாக மாற்றும் கணிதச் செயல். முடிவிலாப் பரிமாண வெளிகளில் இயங்கும் அத்தகைய செயலிகளைப் பற்றிய கேள்விகள் அவருடையவை. அவற்றின் வேர் குவாண்டம் இயற்பியலில் இருந்தாலும், குயூபிட் எதையும் அவர் கண்ணால் கண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணினி அறிவியலில் இருப்பவருக்கு 1994 முக்கியமான ஆண்டு. குவாண்டம் கணினி பெரிய எண்களை விரைவாகக் காரணிப்படுத்தும் என்று பீட்டர் ஷோர் அப்போதுதான் காட்டினார். குவாண்டம் கணினியால் எது எளிதாகும், எது எளிதாகாது என்ற எல்லைக்கோட்டை வரைவது இவருடைய தொழில். பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் இவருக்கும் போதும். ஆனால் கேட்கும் கேள்வி வேறு.

இந்த மூன்றும் ஒரே இடத்தில் மோதிக்கொண்ட நிகழ்வு ஒன்று உண்டு. அலென் கோன் 1976இல் செயலி இயற்கணிதத்தில் ஒரு கேள்வியை விட்டுச்சென்றார்: ஒரு குறிப்பிட்ட வகை முடிவிலா அமைப்புகளை முடிவுள்ள அணிகளால் வேண்டிய அளவு தோராயப்படுத்த முடியுமா? அதே கேள்வி வேறு உடையில் குவாண்டம் இயற்பியலிலும் இருந்தது. பின்னிப்பிணைந்த (தனித்தனியே விவரிக்க முடியாதபடி நிலை இணைந்த) துகள்களை வைத்திருக்கும் இருவருக்கிடையே ஏற்படக்கூடிய தொடர்புகளை இரண்டு விதமாகக் கணிதப்படுத்தலாம். அந்த இரண்டு விதமும் ஒன்றுதானா என்பது போரிஸ் சிரெல்சனின் கேள்வி. 2020இல் ஐந்து பேர் எழுதிய, இருநூறு பக்கங்களைத் தாண்டிய கட்டுரை இரண்டுக்கும் ‘இல்லை’ என்று பதில் சொன்னது. ஜெங்ஃபெங் ஜி, ஆனந்த் நடராஜன், தோமா விடிக், ஜான் ரைட், ஹென்றி யூன் ஆகிய ஐவரும் பணியாற்றிய களம் கணிமைக் கோட்பாடு. தனித்தனியே பூட்டி வைக்கப்பட்ட, பின்னிப்பிணைந்த துகள்களைப் பகிர்ந்துகொள்ளும் இருவரைக் குறுக்கு விசாரணை செய்து எவ்வளவு கடினமான கூற்றைச் சரிபார்க்க முடியும் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒரு நிரல் எப்போதாவது நிற்குமா என்ற, எந்தக் கணினியாலும் பொதுவாகத் தீர்க்க முடியாத கேள்வியில்கூட, ‘நிற்கும்’ என்ற பதிலைச் சரிபார்த்துவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். கோனின் கேள்விக்கான விடை அதன் பக்க விளைவாக வந்தது.

பிறகு நடந்தது மாணவர்கள் கவனிக்க வேண்டியது. அவர்கள் சார்ந்திருந்த முந்தைய கட்டுரை ஒன்றில் பிழை இருப்பது தெரியவந்தது. அந்தப் பகுதியை வேறு வழியில் நிறுவித் தனிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நிரூபணமே சரக்கு என்றால் அதன் ஒவ்வொரு செங்கல்லுக்கும் பொறுப்பேற்றாக வேண்டும். அந்த மனநிலை கணிதத்திலும் கோட்பாட்டுக் கணிமையிலும் ஒன்றே. இப்படிப் பார்த்தால், கணினி அறிவியல் துறைக்குள்ளேயே கோட்பாட்டாளருக்கும் இயந்திரக் கற்றல்காரருக்கும் இடையே இருக்கும் தூரம், கோட்பாட்டாளருக்கும் கணிதத் துறைக்கும் இடையே இருப்பதைவிட அதிகம். இயற்பியலிலும் அப்படித்தான்: சோதனையாளரும் கோட்பாட்டாளரும் ஒரே தளத்தில் அறை வைத்திருப்பார்கள், தொழில் வேறு.

இயந்திரக் கற்றலுக்கு வருவோம். இன்று எந்தத் துறையின் பட்டியலைப் பார்த்தாலும் பாதிப் பேரின் ஆர்வங்களில் இது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இயற்பியலாளர்கள் இதில் காலை விட்டதை நாகரிகத்தின் பின்னால் ஓடுவதாகச் சிலர் கேலி செய்வதுண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஒழுங்கற்ற காந்தப் பொருள்களைப் பற்றிய சிந்தனையிலிருந்துதான் ஜான் ஹாப்ஃபீல்டு 1982இல் தம் நினைவக வலைப்பின்னலை அமைத்தார். 2024ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசை அவரும் ஜெஃப்ரி ஹிண்டனும் பகிர்ந்துகொண்டார்கள். அதே ஒழுங்கற்ற அமைப்புகளின் கணிதத்தைத் திறந்துகாட்டிய ஜியோர்ஜியோ பரீசிக்கு 2021இல் கிடைத்திருந்தது. ஆகவே இயற்பியல் துறையில் ‘புள்ளியியல் இயற்பியல், இயந்திரக் கற்றல்’ என்று எழுதியிருப்பவர் பெரும்பாலும் ஏன் கற்கிறது என்று கேட்பவர். கணிதத்தில் இருப்பவரும் அதையே கேட்பார், ஆனால் தேற்றமாகப் பதில் வேண்டும் என்பார். கணினி அறிவியலில் இருப்பவர்களில் பலர் எப்படி இன்னும் நன்றாகக் கற்க வைப்பது என்று கேட்பவர்கள்.

மூன்றாவதில் வேகம் மூச்சுமுட்டும். மாநாடுகளே அங்கு முதன்மையான வெளியீட்டு மேடை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கடைசித் தேதியை ஒட்டியே குழுவின் வாழ்க்கை சுழலும். நீங்கள் ஆறு மாதம் உழைத்த யோசனை, உங்களிடம் இருப்பதைவிடப் பன்மடங்கு ஜிபியு வைத்திருக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு நாள் காலை கட்டுரையாக வந்து நிற்கலாம். சிலருக்கு இந்த ஓட்டம் பிடிக்கும். பிடிக்காதவர்கள், தலைப்பின் மேல் உள்ள ஆசையால் மட்டும் அங்கே சேர வேண்டாம் என்பேன். அதே தலைப்பில், இயற்பியல் அல்லது கணிதத் துறையின் பக்கமாக நுழைந்தால் மெதுவாக யோசிக்க இடம் உண்டு. எழுதிய கட்டுரையும் இரண்டே ஆண்டில் பழசாகிவிடாது.

மெதுவான கணிதமும் எப்போது யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. எதிர்காலக் குவாண்டம் கணினிகளாலும் உடைக்க முடியாத மறையாக்க முறைகளைத் தேர்ந்தெடுக்க அமெரிக்காவின் தர நிறுவனம் 2016இல் அழைப்பு விடுத்தது. அதில் ‘சைக்’ என்ற முறை நான்காம் சுற்று வரை வந்துவிட்டது. நீள்வளைய வளைவுகளுக்கு இடையிலான கோர்ப்புகளை (ஒரு வளைவை இன்னொன்றுக்கு எடுத்துச்செல்லும் சார்புகளை) அடிப்படையாகக் கொண்ட அதன் மூல யோசனை 2011இலிருந்தே களத்தில் இருந்தது. பலரும் முட்டிப் பார்த்து அசையவில்லை. 2022 ஜூலை இறுதியில் வௌட்டர் காஸ்ட்ரிக், தோமஸ் டெக்ரு இருவரும் சாதாரணக் கணினியின் ஒற்றை உட்கருவில் (core) ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதன் ஒரு வடிவத்தை உடைத்துக் காட்டினார்கள். கையில் எடுத்த ஆயுதம் எர்ன்ஸ்ட் கானி 1997இல் வெளியிட்ட ஒரு தேற்றம். அதை எழுதியபோது அவருக்கும் மறையாக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மறையாக்கவியலில் ஈடுபட விரும்புபவர்களுக்கு என் பரிந்துரை இதிலிருந்துதான் வருகிறது: உங்களுக்கு எண்கோட்பாடும் இயற்கணித வடிவியலும் ஓரளவாவது வரும் என்றால், கணிதத் துறையில் ஒரு நெறியாளரையும் கணினி அறிவியலில் ஓர் இணை நெறியாளரையும் தேடுங்கள். நெறிமுறைகளை வடிவமைப்பதும் மென்பொருளில் பாதுகாப்பாக எழுதுவதும்தான் ஆசை என்றால் கணினி அறிவியல் போதும்; கணிதத் துறைக்குப் போய்த் தவிக்க வேண்டியதில்லை.

சரி, ஒருவர் உண்மையில் எந்தப் பக்கம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? ஆர்வங்கள் வரியை நம்ப வேண்டாம். அது பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்டு, நிதி விண்ணப்பத்துக்காகக் கடைசியில் ஒரு புதுச் சொல் சேர்க்கப்பட்டதாக இருக்கலாம். ‘ஒழுங்கற்ற அமைப்புகள், உகப்பாக்கம், தரவு அறிவியல்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் முதல் சொல்தான் பெரும்பாலும் அவருடைய வீடு. கடைசிச் சொல் வாசலில் மாட்டிய பலகை. இதை உறுதிசெய்ய ஆர்கைவ் கட்டுரைக் கிடங்குக்குப் போக வேண்டும். பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியலாளர் 1991இல் தொடங்கியது அது. இன்று மூன்று துறைகளும் அங்கேதான் முன்வரைவுகளைப் போடுகின்றன. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு முதன்மைப் பிரிவு உண்டு, கூடவே தொடர்புடைய வேறு பிரிவுகளையும் சேர்க்கலாம். ஒருவரின் அண்மைக் கட்டுரைகளின் முதன்மைப் பிரிவைப் பார்த்தாலே அவர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பது தெரிந்துவிடும். கணினி அறிவியல் துறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு, கட்டுரையெல்லாம் சேர்மானவியல் பிரிவில் போடுபவர் மனத்தளவில் கணிதவியலாளர்தான்.

ஆசிரியர் பெயர்ப் பட்டியலும் வாய் திறந்து பேசும். சிறிய சோதனை இயற்பியல் குழுக்களில் வேலையைச் சுமந்த மாணவரின் பெயர் முதலிலும் பேராசிரியரின் பெயர் கடைசியிலும் வரும். கணிதத்திலும் கோட்பாட்டுக் கணிமையிலும் அகரவரிசை. யார் எவ்வளவு செய்தார் என்று அதிலிருந்து கணிக்க முடியாது. துகள் இயற்பியலின் மாபெரும் குழுக்களிலும் அகரவரிசைதான், ஆனால் காரணம் வேறு: ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சிஎம்எஸ் குழுக்கள் 2015இல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். முப்பத்து மூன்று பக்கங்களில் இருபத்து நான்கு அவர்களின் பெயர்களுக்கும் நிறுவனங்களுக்குமே போயின. இயந்திரக் கற்றலில் முதல் பெயருக்குப் பெரும் மதிப்பு. அதனால் சில நேரம் சமரசங்களும் வரும்; இன்றைய மொழி மாதிரிகளுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் வடிவமைப்பை அறிமுகப்படுத்திய 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, எட்டுப் பேரின் பங்கும் சமம், பெயர் வரிசை தற்செயலானது என்று அடிக்குறிப்பே போட்டது. ஒரு பேராசிரியரின் பழைய மாணவர்கள் தனியாகவோ முதல் பெயராகவோ எழுதியிருக்கிறார்களா என்று தேடும்போது இந்த வழக்கங்கள் நினைவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணிதத் துறையில் ஒரு நல்ல நெறியாளரை, ‘மாணவர் பெயரை முன்னால் போடவே மாட்டார்’ என்று தவறாக ஒதுக்கிவிடுவீர்கள்.

மேற்கோள் எண்ணிக்கையை வைத்து மூன்று துறையினரை ஒப்பிடுவது வீண் வேலை. கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவை பெற்ற மேற்கோள்களையும் ஒரே எண்ணில் அடக்கும் எச்-குறியீட்டை 2005இல் முன்வைத்த ஜார்ஜ் ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர். இயற்பியலுக்குள்ளேயே கிளைக்குக் கிளை மாறும் அந்த எண்ணைக் கொண்டு, ஆண்டுக்கு ஒரு கட்டுரை எழுதும் இடவியலாளரை இயந்திரக் கற்றல்காரருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் என்ன தெரியப்போகிறது?

மாணவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு: ஆய்வு தோற்றால் என் ஆய்வேடு என்ன ஆகும்? என்னைப் பொறுத்தவரை முடிவை எடுக்க உதவும் கேள்விகளில் இதுவே முதன்மையானது. மூன்று துறைகளும் இதில்தான் வெகுவாக வேறுபடுகின்றன.

சோதனை இயற்பியலில் ‘எதுவும் தென்படவில்லை’ என்பதும் ஒரு முடிவு. நான்கு கிலோமீட்டர் நீளக் கைகளைக் கொண்ட லைகோ கருவி 2002 முதல் 2010 வரை ஈர்ப்பலையைத் தேடியது, ஒன்றும் அகப்படவில்லை. 2015 செப்டம்பர் 14ஆம் தேதிதான் முதல் அலை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே ஆய்வு செய்தவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. இந்த அளவுக்கு மேல் அலை வந்திருந்தால் கண்டிருப்போம் என்ற உச்சவரம்புகளும், இரைச்சலைக் குறைத்த முறைகளும் ஆய்வேடுகளாயின. இங்கே உண்மையான ஆபத்து வேறு: கருவி தயாராவது தாமதமாகும், உங்கள் காலம் ஓடிவிடும். ஆகவே இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் கருவி ஒன்றாவது அந்த ஆய்வகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் பெட்டி பிரிக்காத கருவியை நம்பிச் சேராதீர்கள்.

கணிதத்தில் பாதி நிரூபணத்துக்கு மதிப்பில்லை. ஆனாலும் சிறப்பு நேர்வுகளை நிறுவலாம், நிபந்தனை ஒன்றைச் சேர்த்துத் தேற்றமாக்கலாம். நல்ல நெறியாளர் பெரிய கேள்வியோடு சேர்த்துச் சிறிய கேள்வி ஒன்றையும் தருவார். அதைத் தருவாரா என்று பழைய மாணவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முடிந்த பிறகும் காத்திருக்க வேண்டிவரும். கோளங்களை எப்படி அடுக்கினால் மிக நெருக்கமாக அடங்கும் என்ற கெப்ளரின் ஊகத்தை தோமஸ் ஹேல்ஸ் 1998இல் நிரூபித்தபோது, மதிப்பீட்டாளர்கள் பல ஆண்டுகள் போராடிவிட்டு 99 விழுக்காடு உறுதி என்று மட்டும் சொன்னார்கள். மீதியுள்ள ஒன்றைத் தீர்க்க அவர் குழு சேர்த்துக் கணினியாலேயே ஒவ்வொரு படியையும் சரிபார்த்தார். அந்த வேலை 2014இல் முடிந்து, கட்டுரையாக 2017இல் வெளிவந்தது. அது ஓர் உச்சக்கட்ட நேர்வு. சாதாரணக் கட்டுரைகூட ஆய்விதழில் ஓராண்டுக்கு மேல் கிடப்பது கணிதத்தில் யாரையும் வியக்க வைக்காது.

செயல்முறைக் கணிமையில் தோல்விக்கு இடம் மிகக் குறைவு. உங்கள் முறை ஏற்கெனவே இருப்பதைவிட மோசமாக இயங்கினால், ஏன் மோசம் என்று நீங்கள் எவ்வளவு நேர்மையாக ஆராய்ந்தாலும், மாநாட்டில் இடம் கிடைப்பது கடினம். ஆனால் தோற்றது சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். அடுத்த யோசனைக்குப் போகலாம். நீண்ட காலம் இருட்டில் நடக்க முடியாதவர்களுக்கு இது பெரிய வரம்.

உதவித்தொகை, வேலைவாய்ப்பு பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு மூன்று துறையிலிருந்தும் வெளியே வேலை உண்டு. இயந்திரக் கற்றலில் வழி அகலமானது, தூய கணிதத்தில் பேராசிரியர் பணிக்கு வெளியே வழி குறுகலானது.

இரண்டு மனமாக இருப்பவர்களுக்கு என் தீர்ப்பு இது. மூன்று துறைகளுக்கு இடையிலுள்ள கதவுகள் இரு பக்கமும் ஒரே அளவு திறப்பதில்லை. கணிதத்திலிருந்தும் கோட்பாட்டு இயற்பியலிலிருந்தும் கணிமைக்குப் போனவர்கள் ஏராளம். கோட்பாட்டு இயற்பியலாளரான எட்வர்ட் விட்டன் 1990இல் கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கமே பெற்றார். ஆனால் முப்பது வயதுக்கு மேல், லேசரை நேர்ப்படுத்தவும் வெற்றிடக் கசிவைக் கண்டுபிடிக்கவும் முதல்முறையாகக் கற்றுக்கொண்டு சோதனை இயற்பியலாளர் ஆனவர்கள் அரிது. எனவே சோதனைக் கூடத்தின் மேல் கொஞ்சமேனும் ஆசை இருந்தால் அதை இப்போதே எடுங்கள். கணிதமா கணிமையா என்பதில்தான் தயக்கம் என்றால், கணினி அறிவியல் துறையில் அகரவரிசையில் பெயர் போடும் கோட்பாட்டாளர் ஒருவரைத் தேடுங்கள். இரண்டு கதவும் திறந்தே இருக்கும். அங்கிருந்து கணிதத்தின் உச்ச மேடை எட்டாத தூரம் இல்லை. ஓர் எண் பகா எண்ணா என்பதை விரைவாக, சந்தேகமின்றிச் சோதிக்கும் வழியை 2002இல் கண்டவர்கள் கணினி அறிவியல் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும் இளநிலைப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும். அந்தக் கட்டுரை ‘ஆனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் வெளிவந்தது.

பிடித்த பேராசிரியர் நீங்கள் படிக்காத துறையில் இருக்கிறார் என்றால், கடிதம் எழுதும் முன் ஒன்றைச் செய்யுங்கள். பல துறைகள் ஆய்வுத் தலைப்பு எதுவாக இருந்தாலும் தகுதித் தேர்வைத் தங்கள் பாடத்தில்தான் வைக்கும். இயற்பியல் துறையில் மறையாக்கம் பற்றி ஆராய வந்தவரும் மின்காந்தவியல், புள்ளியியல் விசையியல் தாள்களை எழுதியாக வேண்டும். கணிதத் துறையில் நரம்பியல் வலைப்பின்னலைத் தொட வந்தவர் மெய்யெண் பகுப்பாய்வும் இயற்கணிதமும் எழுத வேண்டியிருக்கும். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களைக் கேட்டு வாங்கி, ஒன்றை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். பாதியாவது போட முடிந்தால் எழுதலாம். முடியாவிட்டால், அதே பேராசிரியரை இணை நெறியாளராக வைத்துக்கொண்டு உங்கள் துறையிலேயே பதிவுசெய்ய விதி இடம் தருகிறதா என்று விசாரியுங்கள்.